டீசல் காருக்குப் பத்து வருடம்தான் ஆயுளா? வரியும் புகை விதியும் போடும் கணக்கு

2025 ஜூலை 1 அன்று டெல்லியில் ஒரு உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் ஊற்றக் கூடாது. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்களை வைத்து வண்டியின் வயதைக் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அதே உத்தரவைத் திருத்தி, இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 என்ற புகை வரம்புத் தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்குத்தான் என்றது. நடுவில் செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறி, சிறிய டீசல் கார்களின் விலை கணிசமாக இறங்கியது.

இத்தனையும் ஆறே மாதத்தில். ஒரு பக்கம் விலை குறைகிறது, இன்னொரு பக்கம் தடை என்கிறார்கள். தமிழ்நாட்டில் டீசல் கார் வைத்திருப்பவருக்கு இதில் எது தன்னைத் தொடும், எது தொடாது என்று பிரித்துப் பார்ப்பது சிரமமாகத்தான் இருக்கும். காரணம், இவை ஒரே இடத்திலிருந்து வரும் விதிகள் அல்ல. எண்ணெய் மீதான வரி ஒன்று, கார் மீதான வரி இன்னொன்று, புகை வரம்பு மூன்றாவது, டெல்லியின் வயது வரம்பு நான்காவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் பங்கில் கொடுக்கும் காசு

டீசல் கார் மீது நம் நாட்டுக்கு வந்த மோகத்துக்குக் காரணம் இன்ஜின் அல்ல, விலை வித்தியாசம். லாரி, பேருந்து, டிராக்டர், பம்ப்செட் எல்லாம் டீசலில் ஓடுவதால், அதன் விலை ஏறினால் காய்கறி விலையும் பஸ் கட்டணமும் ஏறும் என்று அரசு நீண்ட காலம் டீசலைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது. டீசலுக்கு நீங்கவில்லை. விளைவு, 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 73 ரூபாய், டீசல் சுமார் 41 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம். விவசாயிக்கும் லாரிக்கும் என்று கொடுத்த சலுகையில் சொகுசு கார்களும் ஓடின. 2012-13ல் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் ஐம்பது காசு அளவில் டீசல் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியது. பலருக்கும் நினைவில் இருப்பது இதுவரைதான். இடைவெளி சுருங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கலால் வரி.

கச்சா எண்ணெய் விலை சரிந்த அந்த நேரத்தில், 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே மத்திய அரசு ஒன்பது முறை கலால் வரியை ஏற்றியது. பெட்ரோலை விட டீசலுக்கு ஏற்றம் அதிகம். வரியின் பாதையைப் பாருங்கள், எல்லாம் லிட்டருக்கு:

1. 2014 தொடக்கம்: பெட்ரோல் 9.48 ரூபாய், டீசல் 3.56 ரூபாய்.
2. 2020 மே: பெட்ரோல் 32.98, டீசல் 31.83. அநேகமாகச் சமம்.
3. 2021 நவம்பர், 2022 மே ஆகிய இரண்டு குறைப்புகளுக்குப் பிறகு: பெட்ரோல் 19.90, டீசல் 15.80.
4. 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் ஏற்றிய பிறகு: பெட்ரோல் 21.90, டீசல் 17.80.

2014க்கும் 2025க்கும் இடையே பெட்ரோல் மீதான வரி இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம் ஆனது. டீசல் மீதான வரி ஐந்து மடங்கு ஆனது. டீசல் காரின் கணக்கை மாற்றிய முதல் அடி இதுதான்.

இதற்கு மேல் மாநிலத்தின் வாட் வரி. தமிழ்நாட்டில் 2020 மே மாதத்திலிருந்து இது இரண்டு பகுதியாக இருக்கிறது: விலையில் ஒரு சதவீதம், அதோடு லிட்டருக்கு ஒரு நிலையான தொகை. டீசலுக்கு 11 சதவீதமும் 9.62 ரூபாயும். பெட்ரோலுக்கு 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் மூன்று ரூபாய் குறைத்தபோது 13 சதவீதமும் 11.52 ரூபாயும் ஆனது. அந்தக் குறைப்பு பெட்ரோலுக்கு மட்டும்தான் கிடைத்தது, டீசலுக்கு இல்லை. 2024 மார்ச் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலும் நின்றன. இடைவெளி எட்டரை ரூபாய்க்குள்.

மாநில வரி ஒன்றே இந்த இடைவெளியை இல்லாமல் செய்துவிடலாம் என்பதற்கு டெல்லி உதாரணம். 2020 மே மாதம் அங்கே டீசல் வாட் 16.75 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானது. ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் விலை பெட்ரோலைத் தாண்டியது. ஜூலை இறுதியில் வரியைப் பழைய நிலைக்கே கொண்டு வந்தார்கள். ஆனால் அந்தச் சில வாரங்கள் ஒரு விஷயத்தைக் காட்டிவிட்டன: மலிவு விலை டீசலின் இயல்பு கிடையாது, அரசு தருவது. அரசு அதை எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கட்டும் வரி

ஷோரூமில் இரண்டு வரிகள் சேர்கின்றன. ஜி.எஸ்.டி.யில் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பங்கு போகிறது. ஆயுட்கால சாலை வரி முழுக்க மாநிலத்துக்கு.

ஜி.எஸ்.டி.யில் கார்களைப் பிரிக்கும் அளவுகோல்கள் நீளமும் இன்ஜின் கொள்ளளவும். 2025 செப்டம்பர் 22 முதல் நிலவரம் இது:

1. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள்: 18 சதவீதம். முன்பு 28 சதவீதத்தோடு 1 சதவீத செஸ் (கூடுதல் வரி) சேர்த்து 29.
2. நீளம் 4 மீட்டருக்குள், டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள்: 18 சதவீதம். முன்பு 3 சதவீத செஸ்ஸோடு 31.
3. இவற்றைத் தாண்டிய கார்கள் எல்லாம், எந்த எரிபொருளானாலும்: 40 சதவீதம். முன்பு அளவைப் பொறுத்து 45, 48, 50 என்று இருந்தது.
4. பேட்டரி கார்: 5 சதவீதம். இதில் மாற்றம் இல்லை.

சிறிய கார்களில் டீசலுக்கு இருந்த இரண்டு சதவீதக் கூடுதல் சுமை மறைந்துவிட்டது. அதோடு, பலர் கவனிக்காத ஒரு சலுகை டீசலுக்கு இன்னும் இருக்கிறது. 4 மீட்டருக்குள் உள்ள காரில் 1500 சிசி பெட்ரோல் இன்ஜின் வைத்தால் 40 சதவீதம். அதே அளவு டீசல் இன்ஜின் வைத்தால் 18 சதவீதம்தான். நெக்ஸான், சோனெட், வென்யூ, எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ போன்ற சிறிய எஸ்.யு.வி.களின் டீசல் இன்ஜின்கள் எல்லாம் 1500க்கு ஒரு சில சிசி குறைவாக இருப்பதும், பெட்ரோல் இன்ஜின்கள் 1200ஐத் தாண்டாமல் டர்போ போட்டுச் சமாளிப்பதும் இந்த வரிக் கோட்டினால்தான்.

அப்புறம் சாலை வரி. டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் எரிபொருளைப் பார்த்தே சாலை வரி போடுகின்றன. டெல்லியில் பெட்ரோல் காருக்கு விலையைப் பொறுத்து 4, 7, 10 சதவீதம் என்றால் டீசலுக்கு 5, 8.75, 12.5. மகாராஷ்டிரத்தில் டீசலுக்கு எல்லாப் படியிலும் 2 சதவீதம் அதிகம். தமிழ்நாடு எரிபொருளைப் பார்ப்பதில்லை, விலையை மட்டும் பார்க்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதங்களின்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

எரிபொருளைப் பார்க்கவில்லை என்பதால் டீசலுக்குப் பாதகம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விகிதம் முழு விலைக்கும் சேர்த்துப் பொருந்துவது. வருமான வரியைப் போல வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பது இங்கே இல்லை. ஒரு காரின் பெட்ரோல் வகை 9.8 லட்சம், டீசல் வகை 11.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதாவது 1,27,400 ரூபாய். டீசலுக்கு 18 சதவீதம், 2,01,600 ரூபாய். கார் விலையில் 1.4 லட்சம் வித்தியாசம், வரியில் மட்டும் இன்னொரு 74,200. பத்து லட்சக் கோட்டுக்கு இரு பக்கமும் நிற்கும் சிறிய எஸ்.யு.வி.களில்தான் இந்த அடி அதிகம் விழுகிறது. ஷோரூம் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கடைசி நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

போட்ட காசு எத்தனை கிலோமீட்டரில் திரும்பும்?

மேலே சொன்ன அதே காரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் டீசலில் 18 கிலோமீட்டரும் கிடைக்கிறது என்று வைப்போம்.

சென்னையில் பெட்ரோல் 100.80, டீசல் 92.40 என்றால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 7.75 ரூபாய், டீசல் செலவு 5.13. மிச்சம் 2.62 ரூபாய். கூடுதலாகக் கொடுத்தது 2,14,200 ரூபாய். அதை மிச்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 82,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் டீசல் லாபம் தரத் தொடங்கும்.

1. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு: எட்டு வருடம்.
2. 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு: மூன்று வருடமும் சில மாதமும்.
3. 60,000 கிலோமீட்டர் ஓடும் டிராவல்ஸ் வண்டி அளவுக்கு ஓட்டினால்: ஒன்றரை வருடத்துக்குள். வாடகை வண்டிக்குச் சாலை வரி வேறு கணக்கு, ஆனால் எரிபொருள் மிச்சம் இதே வேகத்தில்தான் சேரும்.

இரண்டு வகைகளும் பத்து லட்சத்துக்கு மேலேயே இருந்தால், அதே 1.4 லட்ச வித்தியாசத்துக்கு வரியோடு சேர்த்து 1,65,200 ரூபாய்தான் ஆகும். அப்போது 63,000 கிலோமீட்டரில் கணக்கு நேராகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க 2012ன் டெல்லி விலையைப் போட்டால், ஒரு லட்சம் கூடுதல் விலை 30,000 கிலோமீட்டரிலேயே திரும்பியிருக்கும். அன்று எல்லோரும் ஏன் டீசலின் பின்னால் ஓடினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டும். டீசலின் சர்வீஸ் செலவு பெட்ரோலை விட அதிகம், அதனால் லாபம் தொடங்கும் கோடு இன்னும் சற்றுத் தள்ளிப் போகும். எதிர்த்திசையில், இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் பெட்ரோல் காரின் மைலேஜ் கொஞ்சம் அடிபடுகிறது. அது டீசலுக்குச் சாதகம். உங்கள் காரின் உண்மையான மைலேஜையும் உங்கள் ஊர் விலையையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

டீசல் புகையை மட்டும் ஏன் தனியாகப் பார்க்கிறார்கள்?

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலந்து, தீப்பொறியால் எரிகின்றன. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைத் தூவுகிறார்கள். தேவைக்கு அதிகமான காற்று எப்போதும் உள்ளே இருக்கும். மைலேஜ் அதிகம் கிடைப்பது இதனால்தான். சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது.

டீசல் துளி முழுதாகக் காற்றோடு கலப்பதற்குள் எரியும் இடங்களில் கரித்தூள் உண்டாகிறது. சூடும் ஆக்சிஜனும் அதிகமுள்ள இடங்களில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. கரித்தூளில் மிக நுண்ணியவை நுரையீரலின் ஆழம் வரை போகும். நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனையும் மேலும் நுண்துகளையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடை அடக்க ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போதும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதால் அந்தக் கருவி அங்கே அந்த வேலையைச் செய்யாது. அதனால் கரித்தூளுக்கு ஒரு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுக்கு வேறொரு கருவி என்று தனித்தனியே வைக்க வேண்டியிருக்கிறது. விலை ஏறுவது இங்கேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புவி வெப்பமாதல் கணக்கில் டீசல் கார் மோசமானது அல்ல. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோ. ஆனால் டீசல் அதிக தூரம் ஓடுவதால், நம் உதாரணக் கார் டீசலில் கிலோமீட்டருக்கு 149 கிராம்தான் வெளியிடும், பெட்ரோலில் 178. கார் நிறுவனங்கள் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி கார்பன் வெளியீடு 113 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பெரிய கார் விற்கும் நிறுவனங்கள் டீசலை இன்னும் விடாமல் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம். ஊரின் காற்றுக்குக் கெடுதல், பருவநிலைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்ற இந்த இரட்டைத் தன்மையை மறைத்துவிட்டு டீசலைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

பி.எஸ். எண்கள் எதைச் சொல்கின்றன?

பி.எஸ். என்றால் பாரத் ஸ்டேஜ். கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எவ்வளவு மாசு வெளியிடலாம் என்ற உச்ச வரம்பு. டீசல் காருக்கு பி.எஸ்.4ல் நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராம், நுண்துகள் 25 மில்லிகிராம். பி.எஸ்.6ல் முறையே 80, 4.5. பெட்ரோல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு பி.எஸ்.4ல் 80, பி.எஸ்.6ல் 60.

பி.எஸ்.4 காலத்தில் ஒரு டீசல் கார், அதே காலத்துப் பெட்ரோல் காரைப் போல மூன்று மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட சட்டமே அனுமதித்தது. பி.எஸ்.6ல் அந்த இடைவெளி அநேகமாக மூடப்பட்டுவிட்டது. டீசலிலுள்ள கந்தகத்தையும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தார்கள். கந்தகம் அதிகமிருந்தால் புது வடிகட்டிகள் கெட்டுவிடும்.

பி.எஸ்.5ஐ முழுவதுமாகத் தாண்டிவிட்டு 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் பி.எஸ்.6 வந்தது. சிறிய டீசல் கார்களின் காலம் அத்துடன் முடிந்தது என்றே சொல்லலாம். ஏழெட்டு லட்ச ரூபாய் காரில் புதுக் கருவிகளின் செலவைச் சேர்த்தால் யார் வாங்குவார்கள்? மாருதி 2019 ஏப்ரலிலேயே, பி.எஸ்.6 வரும் நாளிலிருந்து டீசல் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர் டீசல் நம் சாலைகளில் பழைய வண்டிகளாகத்தான் மிச்சம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ரெனோ, நிசான் விலகின. ஹோண்டாவும் பின்னால் விலகியது. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது: ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் உண்மையான சாலையிலும் ஓட்டி அளக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் ஆய்வகச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமான பிறகு, உலகம் கற்ற பாடம் இது.

பி.எஸ்.6 டீசல் காரை நகருக்குள் ஓட்டினால்

விதிமுறை காகிதத்தில் இருக்கும்வரை தெரியாது. டி.பி.எஃப். விளக்கு எரியும்போது தெரியும். டி.பி.எஃப். என்பது கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி. பிடித்த தூள் உள்ளேயே சேரும். நிரம்பியதும் காரே கூடுதல் டீசலைத் தூவி, புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, அந்தத் தூளை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு வண்டி சில நிமிடங்கள் நிற்காமல், சீரான வேகத்தில் ஓட வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வண்டியில் இது நடப்பதே ஓட்டுநருக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட், திரும்ப வீடு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடும் காரில் இந்த வேலை பாதியில் நின்றுகொண்டே இருக்கும். தூள் சேரும், விளக்கு எரியும், இழுவை குறையும். எரிக்கத் தூவிய டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலின் அளவு ஏறுவதும் உண்டு. இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசல் கார் வாங்குவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் சில வழிகள் உண்டு:

1. வாரத்துக்கு ஒரு முறையாவது இருபது நிமிடம், 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.
2. விளக்கு எரிந்த உடனே அப்படி ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். நாள் கடத்தினால் சர்வீஸ் சென்டரில் கணினி வைத்துச் சுத்தம் செய்ய நேரும். அதையும் கடத்தினால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவு பெரியது.
3. சாம்பல் குறைவாக விடும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். பழைய டீசல் வண்டிக்கு ஊற்றும் ஆயில் இதற்கு ஆகாது.
4. சில கார்களில் நைட்ரஜன் ஆக்சைடை அடக்க ஆட்ப்ளூ என்கிற யூரியா கரைசல் தேவை. இது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்திகரித்த நீர். இது தீர்ந்துவிட்டால், எச்சரிக்கைகளுக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது. வயலுக்குப் போடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றுவது கருவியைக் கெடுத்துவிடும்.

வடிகட்டியையே கழற்றி, மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி இது சட்டவிரோத மாற்றம். அதை விட முக்கியமாக, அந்தக் கார் அன்றிலிருந்து தன் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் முகத்தில் பழைய காலத்துப் புகையை ஊதுகிறது. அவர் கையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

பத்து வருட விதி: எங்கே உண்டு, எங்கே இல்லை?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரல் 7 அன்று, பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றியுள்ள தலைநகர வட்டாரத்திலும் ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே 2015 டிசம்பரில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை அங்கே பதிவு செய்வதற்கே தடை வந்தது. மகிந்திரா உடனே 1.99 லிட்டர் இன்ஜினோடு வண்டி இறக்கியது. 2016 ஆகஸ்டில், விலையில் 1 சதவீதம் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டினால் பதிவு செய்யலாம் என்று தடை நீங்கியது.

இவை எல்லாம் டெல்லி வட்டாரத்துக்கு மட்டும். தமிழ்நாட்டில் நிலைமை இது:

1. சொந்தக் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) பதினைந்து வருடம் செல்லும். பெட்ரோல், டீசல் என்ற பாகுபாடு இல்லை.
2. அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.
3. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது.
4. பழைய காரை அங்கீகரித்த இடத்தில் ஸ்கிராப் செய்து சான்று வாங்கினால், புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் தள்ளுபடி தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது.

தமிழ்நாட்டு நம்பர் கொண்ட வண்டியை டெல்லிக்கு ஓட்டிப் போனால் அங்குள்ள விதிதான் பொருந்தும். குளிர்காலத்தில் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அறிவித்தால், டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா வட்டாரத்திலும் பி.எஸ்.4 டீசல் கார்களும் ஓட முடியாது.

வயதை வைத்துத் தடை போடுவது சரியான வழியா? இல்லை என்பதற்குக் காரணம் பி.எஸ். எண்களிலேயே இருக்கிறது. 2020ல் வாங்கிய பி.எஸ்.6 டீசல் கார் 2030ல் பத்து வயதை எட்டும். 2005 காலத்து வண்டிக்கு இருந்த அதே விதி அதற்கும் என்றால், சுத்தமான காருக்குக் கூடுதல் காசு கொடுத்தவருக்கு என்ன பலன்? 2025 டிசம்பர் உத்தரவு வயதிலிருந்து தரத்துக்கு நகர்ந்தது அதனால்தான் நல்ல மாற்றம். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பி.எஸ்.4, 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில்தான் முதலில் வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். 2012ல் சென்னையில் பதிவான கார் பி.எஸ்.4. அதே ஆண்டு மதுரையிலோ திருநெல்வேலியிலோ பதிவான கார் பி.எஸ்.3 ஆக இருக்கலாம். உங்கள் வண்டி எது என்று ஊகிக்க வேண்டாம், ஆர்.சி.யிலும், வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியிலும் பாருங்கள்.

உண்மையான தீர்வு அளந்து பார்ப்பதுதான். ஆனால் நாம் பங்கில் எடுக்கும் புகைச் சான்று டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. டீசலின் முக்கியமான குற்றச்சாட்டையே விசாரிக்காத சோதனையை வைத்துக்கொண்டு, வயதைப் பார்த்துத் தண்டிக்க வேண்டிய நிலை வந்தது இதனால்தான்.

டெல்லியிலிருந்து வரும் மலிவு கார்கள்

அங்கே ஓட முடியாத டீசல் கார்கள் குறைந்த விலைக்குத் தென்மாநிலங்களுக்கு வருகின்றன. இன்னோவா, ஃபார்ச்சூனர் எல்லாம் வரும். சட்டப்படி வாங்கலாம், ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

1. டெல்லி போக்குவரத்துத் துறையின் தடையில்லாச் சான்று தமிழ்நாட்டின் பெயரில் இருக்கிறதா? அது இல்லாமல் இங்கே பதிவு நடக்காது.
2. பரிவாகன் தளத்தில் அந்த வண்டியின் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தானதா?
3. இங்கே பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற தமிழ்நாட்டு சாலை வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் மலிவுதானா?

பேச்சு வேறு, சட்டம் வேறு

2023 மே மாதம், பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த ஒரு ஆலோசனைக் குழு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027க்குள் டீசல் நான்கு சக்கர வண்டிகளைத் தடை செய்யலாம் என்று பரிந்துரைத்த செய்தி வெளியானது. அரசு அதை ஏற்கவில்லை, பரிந்துரையாகவே நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டீசல் வண்டிகளுக்குக் கூடுதலாக 10 சதவீத ஜி.எஸ்.டி. கேட்கப்போவதாகப் பேசினார். கார் நிறுவனப் பங்குகள் அன்றே சரிந்தன. அப்படி ஒரு திட்டம் பரிசீலனையில் இல்லை என்று அவரே பிறகு விளக்கினார். 2025ல் உண்மையில் நடந்தது நேர் எதிர், வரி குறைந்தது.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு தலைப்புச் செய்தி வந்தால், அரசிதழில் வந்த விதியா, நீதிமன்ற உத்தரவா, வெறும் பரிந்துரையா, எந்த ஊருக்கு என்று பார்த்த பிறகு காரை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். பதறிப்போய் விற்பவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்க எப்போதும் ஒரு தரகர் தயாராக இருக்கிறார்.